ஜோன்ஸ் முறிவிலிருந்து மறுபடி ஆட்டத்துக்கு: கூடைப்பந்து வீரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாதத்தின் வெளி ஓரத்தைச் சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டே வாருங்கள். பாதி வழியில் ஒரு முட்டு கைக்குத் தட்டுப்படும். அது ஐந்தாம் மெட்டாடார்சலின், அதாவது சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பின், அடிப்பகுதி. அந்த முட்டுக்குச் சற்று முன்னால் விழும் முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் கெவின் டுரான்ட், பென் சிம்மன்ஸ், புரூக் லோபஸ், சையன் வில்லியம்சன் என்று பலர் இந்த ஒரே எலும்பை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிசியோவாக இந்த முறிவோடு வந்தவர்களை மறுபடி மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மறுபடி உடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட உழைக்காதவர் இல்லை. எல்லோரும் வரிசையை மாற்றியவர்கள். வலி போனதும் எலும்பு சேர்ந்துவிட்டது என்று நினைத்து, மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டியவர்கள்.

கீழே சொல்லும் வாரக் கணக்கு, ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்துகொண்ட தொழில்முறை வீரருக்கானது. உங்கள் மருத்துவர் அதைவிட மெதுவாகப் போகச் சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு.

1. எந்த எலும்பு, எந்த இடம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்

"கால்ல சின்ன கிராக்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அதை வைத்து எதையும் திட்டமிட முடியாது. ஐந்தாம் மெட்டாடார்சலின் அடிப்பகுதியை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றுக்கும் சிகிச்சை வேறு, காலமும் வேறு.

முதல் பகுதி அந்த முட்டின் நுனி. கணுக்கால் உள்பக்கமாக மடங்கும்போது நார் இழுத்து நுனியைப் பிய்த்துவிடும். ரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடம் என்பதால் பாதத்தை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட் போட்டு நடந்தாலே பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சரியாகிவிடும். இரண்டாம் பகுதி, நான்காம் மெட்டாடார்சலும் ஐந்தாம் மெட்டாடார்சலும் ஒன்றையொன்று தொடும் மட்டம். அசல் ஜோன்ஸ் முறிவு இதுதான். மூன்றாம் பகுதி எலும்பின் தண்டு தொடங்கும் இடம். இங்கே வருவது பெரும்பாலும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். ஒரே அடியில் உடையாமல், பல வாரங்களாகச் சிறுகச் சிறுக விழும் விரிசல்.

இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன? தண்டின் நடுவில் நுழையும் ஒரு ரத்தக்குழாய் அடியை நோக்கி வருகிறது. அடிப்பகுதிக்குத் தனியாகச் சிறு குழாய்கள் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் வாய்க்காலின் கடைமடை மாதிரி, ரத்தம் கடைசியாக, குறைவாக வந்து சேரும். முறிவு சரியாக அங்கேதான் விழுகிறது.

இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். இது புது முறிவா, பழைய விரிசல் முழுதாக உடைந்ததா? விழுந்த நாளுக்கு முன்பே சில வாரங்களாகப் பாதத்தின் வெளி ஓரம் வலித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய விரிசலில் முறிவின் ஓரங்கள் தடித்து, எலும்பின் உட்குழாய் அடைபட்டிருக்கும். ஆபரேஷனில் செய்யும் வேலையே அதனால் மாறும், சேரவும் அதிக நாளாகும்.

முறிவு நேவிக்குலர் எலும்பில் என்றால் இந்த வழிகாட்டியின் வாரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கணுக்காலுக்கு முன்னால், பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பு. ஜோயல் எம்பீட் 2014 ஜூனில் வலது நேவிக்குலருக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். 2015 ஆகஸ்டில் மறுபடி ஒன்று. இரண்டு முழு சீசன் போயிற்று. யாவ் மிங் இடது பாதத்திலும் கணுக்காலிலும் திரும்பத் திரும்ப வந்த முறிவுகளால் 2011இல், 30 வயதில் ஓய்வு பெற்றார். செட் ஹோம்கிரனுக்கு 2022 ஆகஸ்டில் வந்தது லிஸ்ஃப்ராங்க் காயம், பாதத்தின் நடு மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் நார்ப் பகுதியில். அவருக்கும் ஒரு முழு சீசன் போனது. அடுத்த சீசனில் 82 ஆட்டங்களிலும் ஆடினார். மூன்றும் பாதம்தான், ஆனால் மூன்றுக்கும் மூன்று பாதை.

2. ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

தொழில்முறை வீரருக்கு இரண்டாம், மூன்றாம் பகுதி முறிவு என்றால் பெரும்பாலும் ஸ்க்ரூதான். மாவுக்கட்டில் சேரவே சேராது என்பதில்லை. சேர அதிக காலம் பிடிக்கும், சேராமல் போகவும் பிறகு மறுபடி உடையவும் வாய்ப்பு கூடுதல். எலும்பின் அடியிலிருந்து உட்குழாய் வழியாக ஒரே ஒரு ஸ்க்ரூவை நீளவாக்கில் செலுத்துவார்கள்.

ஸ்க்ரூ எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். இந்த எலும்பு லேசாக வளைந்தது. தேவைக்கு மேல் நீளமான நேர் ஸ்க்ரூ வளைந்த எலும்பை நிமிர்த்தப் பார்க்கும், முறிவின் ஒரு பக்கம் திறந்துகொள்ளும். மெல்லிய ஸ்க்ரூ கூடைப்பந்து வீரரின் எடைக்குத் தாங்காமல் வளையலாம், உடையலாம்.

ஸ்க்ரூவின் தலை எங்கே உட்காரும் என்றும் கேளுங்கள். டுரான்டின் ஸ்க்ரூ தலை பக்கத்திலிருந்த கியூபாய்ட் எலும்பில் உரசியதால் 2015 பிப்ரவரியில் அவருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது.

கடைசியாக, எலும்பு ஒட்டு வைப்பீர்களா என்ற கேள்வி. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளோ மஜ்ஜையோ முறிவில் வைத்தால் கடைமடைக்கு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த மாதிரி. பழைய விரிசலுக்கும் ஏற்கெனவே ஒரு முறை தோற்ற ஆபரேஷனுக்கும் இது முக்கியம்.

3. ரத்தப் பரிசோதனையும் சாப்பாடும்

இதை மூன்றாவது படியாக வைத்திருப்பதற்குக் காரணம், பலர் இதை மூன்றாவது மாதத்தில்தான் நினைக்கிறார்கள். எலும்பு முதல் வாரத்திலிருந்தே கட்டத் தொடங்குகிறது. கல்லும் மணலும் அன்றைக்கே வந்து சேர வேண்டும்.

வைட்டமின் டி அளவைப் பாருங்கள். மில்லி லிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் கேட்டு ஏற்றுங்கள். உள்ளரங்கில் பயிற்சி செய்பவர்களுக்கும் கருத்த தோலுள்ளவர்களுக்கும் இது குறைவாக இருப்பது சகஜம். வெயில் கொளுத்தும் ஊர்க்காரர் என்பதால் நமக்கு இருக்காது என்று எண்ண வேண்டாம், எனக்கு வந்த அறிக்கைகள் அப்படிச் சொல்லவில்லை.

கால்சியம் நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பால், தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் உதவும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஓடவில்லை, எடை ஏறிவிடும் என்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பது. எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது சரி. பட்டினி கிடந்தால் எலும்பு கட்டும் வேலையை உடல் குறைத்துவிடும். பெண் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றிருக்கிறது என்றால் அதை இந்தக் கட்டத்திலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு போதவில்லை, எலும்பு மெலிகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

புகை அறவே கூடாது. வலி மாத்திரைகளில் வீக்கத்தைக் குறைக்கும் வகை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

4. முதல் இரண்டு வாரம்: கால் ஊன்றக் கூடாது

இந்த இரண்டு வாரத்துக்குப் பெரிய பாடம் எதுவும் இல்லை. ஊன்றுகோல், காலை இதயத்துக்கு மேல் உயர்த்தி வைத்தல், தையல் ஆறுதல். அவ்வளவுதான். விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்தது, ஸ்க்ரூ போடும் இடத்துக்குப் பக்கத்தில் தோல் நரம்பு ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போனாலோ சுரீரென்று இழுத்தாலோ முதல் பரிசோதனையிலேயே சொல்லுங்கள். பின்னால் எலும்பு வலியா நரம்பு வலியா என்று குழம்பாமல் இருக்க இந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

5. பூட் போட்ட வாரங்கள்: இரண்டிலிருந்து ஆறு வரை

மருத்துவர் அனுமதித்ததும் பூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றலாம். நான் குளியலறை எடைக்கருவியை வைத்துப் பழக்குகிறேன். ஒரு காலை அதன்மேல் வைத்து 20 கிலோ, 40 கிலோ என்று முள்ளைப் பார்த்து அழுத்தச் சொல்வேன். "பாதி எடை போடு" என்றால் யாருக்கும் பாதி தெரியாது. முள்ளைப் பார்த்தால் தெரியும்.

பூட் உயரத்துக்குச் சமமாக மறுகால் செருப்பை உயர்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நான்கு வாரத்தில் இடுப்பு வலி வந்து, திரும்பும் நேரத்தில் அது ஒரு தனிக் கதையாகிவிடும்.

உடம்பின் மற்ற பகுதிகளுக்கு இந்தக் காலம் ஒரு வாய்ப்பு. இடுப்பு, தொடை, முதுகு, தோள் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்தபடியும் படுத்தபடியும் எடைப் பயிற்சி செய்யலாம். நல்ல காலுக்கும் விடாமல் கொடுங்கள். ஒரு பக்கத்தைப் பலப்படுத்தினால் மறுபக்கமும் கொஞ்சம் வலுவைத் தக்கவைத்துக்கொள்ளும். தையல் முழுதாக ஆறியபின் நீச்சல் குளம். மார்பளவுத் தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பாதத்துக்கு வரும், இடுப்பளவில் பாதி. இந்த வேறுபாட்டை வைத்தே ஆழத்திலிருந்து மெல்லக் கரையை நோக்கி நகரலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. கணுக்காலுக்கு நல்லது என்று எல்லோரும் உடனே தொடங்குவது அதைத்தான். அந்த வேலையைச் செய்யும் தசையின் நார் உடைந்த எலும்பின் அடியிலேயே வந்து பிணைகிறது. சேராத எலும்பை நீங்களே இழுத்து ஆட்டுவதாக ஆகும். ஆறு வாரம் போகட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஷூட்டிங் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யலாம், வளையத்துக்கு அருகில் மட்டும். தூரத்திலிருந்து போட்டால் காலிலிருந்து வர வேண்டிய விசையைத் தோளிலிருந்து எடுக்கப் பழகுவீர்கள், பந்து போகும் வளைவே மாறிவிடும். பந்தை எடுத்துத் தர ஆள் வேண்டும். உருண்டோடிய பந்துக்குப் பின்னால் ஒற்றைக் காலில் தாவிப் போனவரை என் கண்ணால் பார்த்தேன்.

6. ஸ்கேன் நாள்

இந்தப் படியைத் தாண்டித்தான் மற்றதெல்லாம். ஆறாவது வாரத்தில் பெரும்பாலோருக்கு வலி இருக்காது. அழுத்தினால்கூட வலிக்காது. ஸ்க்ரூ எலும்பை அசையவிடாமல் பிடித்திருப்பதால் வலி போய்விடுகிறது. எலும்பு சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

எக்ஸ்-ரே மட்டும் போதாது. மேலிருந்து எடுத்த படத்தில் முறிவு மறைந்த மாதிரி தெரியும். இந்த எலும்பு கடைசியாகச் சேர்வது அடிப்பக்கமும் வெளிப்பக்கமும் கூடும் மூலையில், ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் அந்த மூலைதான் விரிந்து திறக்கப் பார்க்கிறது. சி.டி. ஸ்கேனில் அந்த மூலையைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். முறிவின் குறுக்கே எலும்புப் பாலம் முழுதாகக் கட்டியிருக்கிறதா, பாதிதானா என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.

டுரான்ட் 2014 அக்டோபர் 16இல் ஆபரேஷன் செய்துகொண்டு டிசம்பர் 2இல் ஆட்டத்தில் இறங்கினார், 47 நாள். அந்த சீசனில் 27 ஆட்டங்கள், சராசரி 25.4 புள்ளிகள். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். பிப்ரவரியில் ஸ்க்ரூ மாற்ற ஒரு ஆபரேஷன், முறிவிடம் பின்னடைந்ததால் மார்ச் 31இல் எலும்பு ஒட்டு வைக்க இன்னொன்று. சீசன் முடிந்தது. ஒரு பெரிய வீரர் வலியைத் தாங்கி 25 புள்ளி எடுப்பார். எலும்பைப் பற்றி அந்த 25 எதையும் சொல்லாது.

இதற்கு எதிர்ப்பக்கம் பென் சிம்மன்ஸ். 2016 செப்டம்பர் கடைசியில் வலது ஐந்தாம் மெட்டாடார்சல் உடைந்தது. அவர் சீசன் நடுவில் வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். 2017 பிப்ரவரியில் எடுத்த ஸ்கேனில் எலும்பு முழுதாகச் சேரவில்லை என்று தெரிந்ததும் அணி அந்த சீசனையே மூடிவிட்டது. அடுத்த சீசனில் 81 ஆட்டங்கள் ஆடி, ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் வாங்கினார். ஆபரேஷன் முடிந்து நாலரை மாதம் கழித்தும் ஸ்கேன் "இன்னும் இல்லை" என்று சொன்னால் அதைக் கேட்ட அணி அது. இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்து நடங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்கேனில் பாதிதான் சேர்ந்திருக்கிறது என்றால் ஐந்தாம் படியிலேயே மேலும் நான்கு வாரம் இருங்கள். நல்ல செய்தி வந்தால் பூட்டைக் கழற்றி ஏழாம் படிக்குப் போங்கள், ஓட்டத்துக்கு அல்ல.

7. ஓடுவதற்கு முன்: பாதத்தின் வடிவமும் ஷூவும்

எலும்பு ஏன் அங்கே உடைந்தது என்ற கேள்விக்குப் பதில் தேடாமல் ஓடத் தொடங்கினால், உடைத்த காரணம் அப்படியே உங்களோடு ஓடும்.

ஈரப் பாதத்தோடு சிமென்ட் தரையில் நின்று தடத்தைப் பாருங்கள். வளைவு அதிகமாகி, குதிகால் உள்பக்கம் சாய்ந்து, எடை முழுவதும் வெளி ஓரத்தில் விழுகிறதா? பின்னாலிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். இந்த வடிவப் பாதம் உள்ளவர்களுக்கு ஐந்தாம் மெட்டாடார்சல் ஒவ்வொரு அடியிலும் வளைகிறது.

இங்கேதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பாதத்துக்கு ஆதரவு என்று கடையில் வளைவு உயர்த்தும் இன்சோல் வாங்கி வைப்பது. அது தட்டைப் பாதக்காரருக்காகச் செய்தது. உள்பக்கத்தை உயர்த்தினால் எடை இன்னும் வெளியே தள்ளப்படும். உங்களுக்குத் தேவை நேர் எதிரானது, வெளி ஓரத்தை லேசாக உயர்த்திய, பாதத்தின் முன்பகுதி வளையாமல் பிடிக்கும் விறைப்பான இன்சோல். அளவெடுத்துச் செய்தால் நல்லது. அதன் அடியில் கார்பன் தகடு வைப்பதும் உண்டு.

ஷூவைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் போட்ட அளவை நம்பாதீர்கள். உள்ளே உள்ள இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். வெளி ஓரத்து முட்டு இன்சோலைத் தாண்டித் தொங்குகிறதா? பல கூடைப்பந்து ஷூக்கள் முன்பக்கம் அகலமாகவும் நடுவில் ஒடுங்கியும் இருக்கும். ஒடுங்கும் இடத்தில்தான் உங்கள் முறிவு இருக்கிறது. தொங்கினால் அந்த ஷூ எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

சிலருக்கு இன்சோல் போதாது. லோபஸுக்கு வலது பாதம் 2011 டிசம்பரில் உடைந்து, 2013 டிசம்பரில் மறுபடி உடைந்தது. 2014 ஜனவரியில் ஐந்தாம் மெட்டாடார்சலைச் சரிசெய்ததோடு, வெளி ஓரத்துக்குப் போகும் பாரத்தைக் குறைக்க முதலாம் மெட்டாடார்சலின் இருப்பையும் மாற்றி அமைத்தார்கள். உடையாத ஓர் எலும்பில் கை வைத்தது பலருக்கு அப்போது ஆச்சரியம். அடுத்த சீசனில் 72 ஆட்டங்கள் ஆடினார், 2021இல் மில்வாக்கி அணியோடு கோப்பையையும் வென்றார். இரண்டாம் முறை உடைந்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் பாதத்தின் வடிவத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அவர்தான் காரணம்.

8. ஓட்டமும் குதிப்பும்

ஓடத் தொடங்க மூன்று நிபந்தனை. ஸ்கேன் சரி. ஷூவில் நொண்டாமல் அரை மணி நேர வேக நடை, மறுநாள் காலை வலியில்லை. உடைந்த காலில் மட்டும் நின்று குதிகாலை 25 முறை முழு உயரத்துக்கு எழுப்ப முடிய வேண்டும். பூட்டில் இருந்த கெண்டைக்கால் கண்ணுக்குத் தெரியும் அளவு இளைத்திருக்கும். அது தாங்க வேண்டிய அதிர்ச்சியை அது தாங்காவிட்டால் எலும்பு வாங்கும்.

முதல் ஓட்டம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். எடையைக் குறைத்து ஓடவைக்கும் டிரெட்மில் கிடைத்தால் 60 சதவீத எடையில் தொடங்கி வாரத்துக்குப் பத்துப் பத்தாக ஏற்றலாம். அது இல்லாவிட்டாலும் இடுப்பளவுத் தண்ணீரில் ஓட்டம், பிறகு புல்தரை, பிறகு மரத்தரை என்று போகலாம். நம்மூர் சிமென்ட் மைதானத்தை இந்தப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

குதிப்பில் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். இரண்டு காலில் 40 தரையிறக்கம் என்று தொடங்கி 60, 80, 100. அதற்குப் பிறகே ஒற்றைக் கால். முதலில் பெட்டியிலிருந்து இறங்குவதைப் பழகுங்கள், பிறகு பெட்டியின்மேல் ஏறுவதை. வீரர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய விரும்புவார்கள், உயரமாகக் குதிப்பதுதான் மகிழ்ச்சி தருவது. ஆனால் எலும்புக்குப் பாரம் தருவது தரையிறக்கம்.

வலிக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பரவாயில்லை. முறிவிருந்த இடத்தில் ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய வலி, அதுவும் மறுநாள் காலை முதல் அடியில் வந்தால், இரண்டு நாள் நிறுத்தி முந்தின படிக்குத் திரும்புங்கள்.

9. மைதானத்துக்குள் வரிசை

கூடைப்பந்தில் நேர்கோட்டு ஓட்டம் குறைவு. நிற்பது, திரும்புவது, பக்கவாட்டில் நகர்வது, அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்குவது, இவைதான் ஆட்டம். அதனால் மைதான வேலையைத் தனி வரிசையாகவே செய்யுங்கள்.

முதலில் தனியாக, பந்தோடு, நேர்கோட்டில். அடுத்து வளைந்த ஓட்டம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளைவில் ஓடும்போது உள்வட்டக் கால் தன் வெளி ஓரத்தில் அழுந்தும். வலது பாதம் உடைந்தவர் வலப்பக்கம் வளைந்தால் முறிவிடத்துக்குப் பாரம் அதிகம். ஆகவே முதல் வாரம் இடப்பக்க வளைவு மட்டும், பிறகு பெரிய வட்டமாக வலப்பக்கம், பிறகு வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். அதன் பிறகு 45 டிகிரித் திருப்பம், 90 டிகிரி, டிஃபன்ஸ் ஸ்லைடு.

இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த திசை. அடுத்த படியில் பயிற்சியாளர் கை காட்டும் திசைக்குத் திரும்ப வேண்டும். யோசிக்க நேரமில்லாதபோது பாதம் பழைய பழக்கப்படி வெளி ஓரத்தில் இறங்கும். அதைக் கைப்பேசியில் மெதுவான வீடியோ எடுத்துப் பாருங்கள், வீரரிடமும் காட்டுங்கள்.

பிறகு ஒருவருக்கு ஒருவர், மூவருக்கு மூவர், கடைசியாக ஐவருக்கு ஐவர். ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு பயிற்சி. கூட்டத்துக்குள் ரீபவுண்டுக்குக் குதிப்பதை ஐவர் ஆட்டம் வரை தள்ளி வையுங்கள். இறங்கும்போது அடுத்தவர் ஷூவை மிதித்து பாதம் உருள்வது இந்த எலும்பு உடையும் முக்கியமான வழிகளில் ஒன்று.

இது முழுவதற்கும், எலும்பு சீக்கிரம் சேர்ந்தவருக்கு, ஆபரேஷனிலிருந்து பத்து முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பதினாறு ஆனாலும் அது தோல்வி இல்லை.

10. ஆட்ட நிமிடங்கள்

பயிற்சியில் முழுதாக ஆடுகிறார் என்பதால் ஆட்டத்தில் 35 நிமிடம் கொடுக்கக் கூடாது. என் வழக்கம் இப்படி. முதல் மூன்று ஆட்டம் 12 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று துண்டுகளாக. அடுத்த மூன்று 20 நிமிடம் வரை. பிறகு வாரத்துக்கு நான்கைந்து நிமிடம் கூட்டலாம். முதல் ஆறு வாரம் அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் ஒன்றில் மட்டும்.

எம்பீட் திரும்பிய 2016-17 சீசனில் சராசரி 25.4 நிமிடம்தான் ஆடினார். ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். 31 ஆட்டத்தோடு சீசன் நின்றது முழங்காலால், பாதத்தால் இல்லை. 2022-23இல் அவர்தான் லீகின் மதிப்புமிக்க வீரர்.

கால அளவை ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளரோடு பேசி எழுதிவிடுங்கள். நான்காம் கால் பகுதியில் இரண்டு புள்ளி வித்தியாசம் இருக்கும்போது யாருக்கும் எலும்பு நினைவில் இருக்காது. பெஞ்சில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

11. பழைய ஆட்டம் திரும்பியதா என்று அளப்பது

ஜோன்ஸ் முறிவிலிருந்து திரும்பிய என்.பி.ஏ. வீரர்களில் பெரும்பாலோர் பழைய தரத்துக்கு அருகில் ஆடியிருக்கிறார்கள். டுரான்டே மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு 2015-16இல் 72 ஆட்டங்கள், சராசரி 28.2 புள்ளிகள். ஆக, எலும்பு சேர்ந்தவர் நம்பிக்கையோடு இருக்கலாம். ஆனால் திறமை எல்லாப் பக்கத்திலும் ஒரே நாளில் வராது.

அளவெடுக்கக் காயத்துக்கு முந்தைய எண்கள் வேண்டும். ஒற்றைக் கால் தாவல் தூரம், குதி உயரம், முக்கால் மைதான ஓட்ட நேரம், இரண்டு கெண்டைக்கால் சுற்றளவு. சீசன் தொடக்கத்தில் எல்லா வீரருக்கும் எடுத்து வைக்கும் அணிக்கு இது சுலபம். இல்லாவிட்டால் நல்ல காலோடு ஒப்பிடுங்கள், 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிமிடங்களைக் கூட்டாதீர்கள். நல்ல காலும் ஓய்வில் இளைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம், 100 சதவீதம் வந்தும் இரண்டுமே பலவீனமாக இருக்கலாம்.

குதி உயரத்தைப் பயிற்சியின் தொடக்கத்தில் மட்டும் அளந்து திருப்திப்படுகிறார்கள். பயிற்சி முடிந்து களைத்த பிறகும் அளங்கள். பத்து முறை தொடர்ந்து குதிக்கச் சொல்லி முதலாவதையும் பத்தாவதையும் ஒப்பிடுங்கள். முதலில் திரும்புவது ஒற்றைக் குதி. கடைசியில் திரும்புவது பத்தாவது குதி.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? நான் புள்ளிகளையும் ஷூட்டிங் சதவீதத்தையும் கடைசியாகத்தான் பார்க்கிறேன். வளையத்துக்கு அடியில் எத்தனை முயற்சி, எதிரணியின் வளையத்தில் எத்தனை ரீபவுண்ட், எத்தனை ஃப்ரீ த்ரோ சம்பாதித்தார் என்று பார்க்கிறேன். இந்த மூன்றும் கூட்டத்துக்குள் நுழைந்தால்தான் வரும். வெளியே நின்று மூன்று புள்ளி ஷாட் மட்டும் போடும் வீரர், சதவீதம் நன்றாக இருந்தாலும், பாதத்தை இன்னும் நம்பவில்லை. அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் "எனக்கே தெரியாம ஒதுங்கிடறேன்" என்று ஒப்புக்கொள்வார்கள். ஒன்பதாம் படியின் கூட்ட ரீபவுண்ட் பயிற்சிக்கு ஒரு வாரம் திரும்பினால் பலருக்கு அது சரியாகிவிடுகிறது.

12. வெளி ஓரம் மறுபடி வலித்தால்

முதல் வருடம் முழுவதும் இது நடக்கலாம். அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்துங்கள், ஐஸ் வைத்து அடுத்த ஆட்டத்துக்குப் போகாதீர்கள். எக்ஸ்-ரே எடுங்கள், அது தெளிவாக இருந்தாலும் வலி ஒரு வாரத்தில் போகாவிட்டால் சி.டி. கேளுங்கள். ஸ்க்ரூ வளைந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். நான்காம் படியில் எழுதி வைத்த நரம்புக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள், தழும்பில் சுரீரென்று இழுக்கும் வலிக்கும் எலும்பின் ஆழ வலிக்கும் வித்தியாசம் சொல்ல அது உதவும்.

வலியே இல்லாவிட்டாலும் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் எக்ஸ்-ரே எடுப்பது என் வழக்கம். சேர்ந்துவிட்டதே என்று ஸ்க்ரூவை எடுக்கச் சொல்லாதீர்கள். உறுத்தாத ஸ்க்ரூ, ஆடும் காலம் முழுவதும் உள்ளேயே இருக்கட்டும். எடுத்த இடத்தில் மறுபடி உடைந்த கதைகள் உண்டு.

அந்த எக்ஸ்-ரே நாளில் மறுபாதத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அதன் வடிவமும் இதே வடிவம்தான், ஆறு மாதமாகக் கூடுதல் பாரம் சுமந்ததும் அதுதான்.